‘அருகிலுள்ள இயன்மருத்துவர்’ எந்தக் கரையில் இருக்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் மூட்டுவலி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கட்டுரைதான். முழங்காலுக்குள் என்ன தேய்கிறது, ஏன் வீங்குகிறது என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். என் மனைவி அந்தப் பக்கத்தை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டியும் விட்டாள். ஆனால் அதன் கடைசி வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ‘வலி தொடர்ந்தால் அருகிலுள்ள இயன்மருத்துவரை நாடுங்கள்.’

இயன்மருத்துவர் என்றால் பிசியோதெரபி செய்கிறவர், அது தெரியும். அருகிலுள்ள என்றால் எங்கே, ஐயா?

குத்திக் கதைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் படுவான்கரையில் 31 வருடம் தபால்காரனாக வேலை செய்தவன். எது கிட்ட, எது தூரம் என்பதைச் சைக்கிள் மிதித்தே பழகியவன். வேறு மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. பெரிய ஆஸ்பத்திரி, மாவட்டச் செயலகமான கச்சேரி, பெரிய கடைகள் எல்லாம் அந்தக் கரையில். நெல்லும் பாலும் செங்கல்லும் இந்தக் கரையிலிருந்து போகும். மிதவைப் படகை இங்கே ‘பாதை’ என்போம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை சைக்கிளையும் தபால் பையையும் அந்தப் பாதையில் ஏற்றித்தான் தண்ணீரைத் தாண்டினேன். சண்டைக் காலத்தில் அந்தப் பையைச் சோதனைச்சாவடிகளில் எத்தனை தரம் கொட்டிக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அது வேறு கதை.

தபால்காரனுக்கு ஒரு விஷயம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். படலையில் நின்று மணி அடித்தால் வீட்டுக்காரர் எப்படி எழும்பி வருகிறார் என்று பார்க்கலாம். ஒரு வருடம் ஓடி வந்து கடிதம் வாங்கிய பெண் இன்னொரு வருடம் தூணைப் பிடித்து எழும்புவாள். அதற்கடுத்த வருடம் ‘அங்கேயே வச்சிட்டுப் போங்க அண்ணன்’ என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வரும். வாவியில் வீச்சு வலை எறிகிறவருக்குத் தோள், செங்கல் வாடியில் கல் அறுக்கிறவருக்கு இடுப்பு, வட்டையில், அதாவது வயல்வெளியில், மருந்தடிக்கிற இயந்திரத்தை முதுகில் சுமக்கிறவருக்குக் கழுத்து, மாடு கறக்கிறவருக்குப் பெருவிரலின் அடி. என் ஊர்ப்பக்கம் ஒருவரின் தொழிலைக் கேட்கவே தேவையில்லை, நடையைப் பார்த்தால் போதும். முதியோர் கொடுப்பனவு எடுக்க உபதபாலகத்துக்கு வரும் பெத்தாமார் சிலருக்குப் பேனையைப் பிடிக்க விரல் மடியாது. பெருவிரலை மையில் தோய்க்கவும் யாராவது கையைப் பிடித்துவிட வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி, அறுபதைத் தொட்ட அரச ஊழியர் எல்லாரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனோமே, அதில் நானும் ஒருவன். பை தோளில் இருந்தவரை தோள் ஒன்றும் சொல்லவில்லை. பை இறங்கி ஒரு வருடம் கழிய, 2024 தை மாதமளவில் இடது தோளில் ஒரு நோவு. முதலில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. பிறகு சேட் போடும்போது இடது கை உள்ளே போக மறுத்தது. பிறகு பின் பொக்கற்றில் இருக்கிற பேர்ஸை எடுக்க முடியாமல் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பையனிடம் எடுத்துத் தரச் சொன்னேன். அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். அந்த வருடம் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்குப் போய், வடத்தை வலது கையால் மட்டும் தொட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். சின்ன வயதிலிருந்து இழுத்த வடம். அன்று வீட்டுக்கு வந்து யாரோடும் கதைக்கவில்லை.

முன்பென்றால் நேரே உளுக்குப் பார்க்கிற பெரியவரிடம் போயிருப்பேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் இருந்தார். காய்ச்சிய எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, முதலில் நோகாத பக்கத்தைத்தான் தொடுவார். ‘நல்ல காலைத் தெரியாதவனுக்குக் கெட்ட காலை எப்படித் தெரியும்’ என்பார். பிறகு நோகிற பக்கத்தை விரல் நுனியால் தடவி, சூடு இருக்கிறதா, வீக்கம் எங்கே நிற்கிறது, எலும்பு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் உருவுவது. 1998 என்று நினைக்கிறேன், மழையில் சைக்கிளோடு விழுந்து கணுக்கால் ஊதிப்போய் அவரிடம் போனேன். தொட்ட ஒரு நிமிடத்தில் கையை எடுத்துவிட்டார். ‘மனே, இது என்ர வேலை இல்ல. எலும்பு வெடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போ.’ எக்ஸ்ரேயில் வெடிப்பு இருந்தது. ஒரு சதமும் வாங்கவில்லை. அவருடைய எண்ணெயைவிட அன்று அவர் கையை எடுத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேல். மகன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அந்தக் கை அந்த வீட்டோடு முடிந்தது.

ஆகவே டவுனில் ஒரு தனியார் இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். தோளில் இரண்டு ரப்பர் பட்டையை ஒட்டி மின்சாரம் விடுவார்கள், எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். பிறகு ஒரு சிவப்பு விளக்கு. பிறகு பசை பூசி ஒரு உலோகக் குமிழை வட்டமாக ஓட்டுவார்கள். இருபது நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு அந்தத் தம்பி வெளியே போய்ப் போன் பார்ப்பார். பத்து நாளும் ஒருவர்கூட என் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை, ‘எதுவரை போகுது ஐயா’ என்று கேட்கவுமில்லை. இருக்கிற நேரம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பஸ் ஏறினால் பழையபடி.

கடைசியில் அரச ஆஸ்பத்திரிக்கே போனேன். வெளிநோயாளர் பிரிவில் இருந்த டொக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், அதில் ஒன்றும் இல்லை. துண்டு எழுதி இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த மிஸ்ஸுக்கு என் இளைய மகளின் வயதுதான் இருக்கும். பிசியோ மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வாங்கில் இருந்தார்கள்.

நான் கதிரையில் இருந்ததுமே, 31 வருடம் பை தூக்கியதால் வந்தது என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். மிஸ் கேட்டுவிட்டுச் சொன்னார், ‘பையால வரல்ல ஐயா. உங்களுக்குச் சீனி இருக்கா?’

இருக்கிறது, பத்து வருடமாக. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தத் தோள் பிடிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருமாம். பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், பெண்களுக்கு இன்னும் கூட. தோள் மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. உறைந்த தோள் என்று புத்தகங்களில் எழுதுகிறார்களாம். பாவம் அந்தப் பை, வீணாக அதைத் திட்டியிருக்கிறேன். இன்னொன்றும் மறைக்காமல் சொன்னார்: இது ஒரு வருடம் முதல் மூன்று வருடம்வரை இழுத்து, பலருக்குத் தானாகவே விடுகிற வருத்தம். தன் வேலை நோவைக் குறைத்து, விடுகிற மட்டும் அசைவைக் காப்பாற்றித் தருவது என்றார். சுகப்படுத்துகிறேன் என்று மார்தட்டாத ஒருவரை அந்த வருடம் அப்போதுதான் சந்தித்தேன்.

பிறகு படுக்கச் சொன்னார். இதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் கையால் செய்கிற சிகிச்சை என்றால் எண்ணெய் போட்டு அமத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எண்ணெயே இல்லை. ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அசையாமல் பிடித்தார். அதை விட்டால் கை உயர்வது போலத் தெரியும், ஆனால் பட்டைதான் உயரும், மூட்டு அசையாது என்றார். மற்றக் கையால் மேல்கையைக் கமக்கட்டுக்குக் கிட்டப் பிடித்து, மூட்டை ஒரு நூல் அளவு விலக்கினார். இழுத்தார் என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த பூட்டுக்குள் திறப்பை உடைத்துவிடாமல் மெல்ல ஆட்டிப் பார்ப்போமே, அப்படி. கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம், பின்பக்கமாகக் கொஞ்சம், சின்னச் சின்ன ஆட்டம். கண்ணை என் முகத்தில் வைத்திருந்தார். நான் பல்லைக் கடித்தால் ஆட்டம் சிறுக்கும், மூச்சு விட்டால் பெருக்கும். இந்த ஆட்டத்துக்கு நான்கு படி இருக்கிறதாம், மெயிற்லண்ட் என்ற அவுஸ்திரேலிய இயன்மருத்துவர் வகுத்தது. முதல் இரண்டும் நோவு தணிய, அடுத்த இரண்டும் இறுக்கம் தளர. ஐந்தாவதாக ஒரு வேகத் தள்ளல் இருக்கிறது, மூட்டு சடக்கென்று கேட்கிறது அதுதான், உங்கள் தோளுக்கு அது தேவையில்லை என்றார். எந்தப் படி யாருக்கு என்று தெரிவதற்குத்தான் நான்கு வருடம் படித்தேன் என்று சிரித்தார்.

இரண்டு கால் உள்ள பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை வைத்துக் கோணமும் அளந்தார். முதல் நாள் என் கை பக்கவாட்டில் 80 பாகை உயர்ந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னபோது 10 பாகைதான். அந்த இரண்டு இலக்கத்தையும் என் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார். பத்து நாள் மின்சாரம் வைத்தவர்கள் ஒரு இலக்கமும் எழுதவில்லை.

கை வைத்தது பத்து நிமிடம் இருக்கும். மீதி ஐந்து நிமிடம் பாடம். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு கிணற்று வாளி மாதிரி ஆட்டுவது. தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை வெளிப்பக்கம் தள்ளுவது. சுவரில் விரலை நண்டு மாதிரி ஏற்றுவது. துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேலே இழுப்பது. ‘நான் திறந்து விடுறன், நடந்து போறது நீங்கதான்’ என்றார். செய்த பிறகு நோவு அரை மணித்தியாலத்தில் இறங்கினால் சரி, இரவு முழுக்க நின்றால் கூடச் செய்துவிட்டேன் என்று அர்த்தம். விரல் ஏறிய உயரத்தைப் பார்க்க, கிணற்றடிச் சுவரில் நாளுக்கு ஒரு கரிக் கோடு போட்டேன். வெள்ளை அடித்த சுவர். மனைவி ஏசினாள், பிறகு அவளே கோட்டை எண்ணத் தொடங்கினாள்.

இதில் தூரம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். மிஸ் வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னார். நான் வெள்ளனவே எழும்பி பஸ்ஸைப் பிடித்து, பாலத்தால் போய், இன்னொரு பஸ் ஏறி, நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, பத்து நிமிடக் கைக்காக ஒரு பகலை முடித்து வீட்டுக்கு வருவேன். ஓய்வூதியக்காரன் நான், எனக்குப் பகல் இருக்கிறது. பெரும்போக விதைப்புக் காலத்தில் வட்டையில் நிற்கிறவருக்கோ, நாள்கூலிக்குக் கல் அறுக்கிற பெண்ணுக்கோ அந்தப் பகல் இல்லை. எனக்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் பெரிய காரியம். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் வீதி மூடி, அடுத்தடுத்து இரண்டு தவணை போயிற்று. சுவர்க் கோடு நான்கு விரல் கீழே இறங்கியது. மிஸ் ஏசவில்லை. ‘வெள்ளத்துக்கு நான் என்ன சொல்ல’ என்று அளவுகோலை எடுத்தார்.

இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் எழுத வேண்டும்.

கை கொஞ்சம் உயரத் தொடங்கியதும் எனக்குள் இருந்த தபால்காரன் எழும்பிவிட்டான். அந்த நான்கு பயிற்சியையும் குச்சி மனிதர்களாக வரைந்து, கீழே தமிழில் எழுதி, முப்பது போட்டோக் கொப்பி எடுத்தேன். பழைய சைக்கிளில் ஏறி, தோள் நோவு என்று எனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல வரவேற்பு. தேத்தண்ணி, சில வீட்டில் தயிர். மூன்று வாரத்தில் ஒரு மீன்பிடிகாரரின் மனைவி என்னைத் தேடி வந்தார். உங்கட கடுதாசியில உள்ளதைச் செய்யச் செய்ய இவருக்குக் கை இன்னும் விழுகிறதே என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த தவணைக்குப் போனேன். மிஸ் அவருடைய கையைத் தானே தூக்கிப் பார்த்தார், முழுதாக உயர்ந்தது. இப்போது நீங்களே தூக்குங்கள் என்றார், பாதியில் நின்றது. என் தோள் யார் தூக்கினாலும் போகாது. அவருடையது மற்றவர் தூக்கினால் போகும், தானாகப் போகாது. மூட்டு இறுகவில்லை, தூக்குகிற தசைநாண் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு உடனே டொக்டரிடம் அனுப்பினார்.

பிறகு எனக்கு நல்ல ஏச்சு. தோள் நோவு கழுத்து நரம்பிலிருந்தும் வரும், இடது தோள் என்றால் நெஞ்சிலிருந்தும் வரும், எல்லாருக்கும் ஒரு கடுதாசியைக் கொடுத்துத் திரிகிறீர்களே ஐயா என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மிச்சக் கொப்பிகளை அடுப்பில் போட்டேன். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சொன்னேன். கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கியது என் சேவைக் காலத்தில் நடக்காத ஒன்று.

ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான், ஆசிரியர் அவர்களே. கட்டுரை போட்டுத் தீராது, கடுதாசி கொடுத்தும் தீராது. தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு கை இந்தக் கரைக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு கைகள் வரும், வந்துவிட்டன.

என் தங்கையின் மகன், 27 வயது, மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். கழுத்துப் பிடிப்பு. போனில் கழுத்தைத் திருகிச் சடக்கென்று முறிக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரிச் செய்கிற ஒருவரிடம் போனான். எங்கே, யார் என்று எழுதப் போவதில்லை. திருகிய அன்று பின்னேரமே தலைச்சுற்று, சத்தி, நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஸ்கான் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். தப்பிவிட்டான். கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாக இரண்டு நாடிகள் மூளைக்கு ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது, எப்போதாவது ஒருவருக்கு, அதன் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம்வரை போவதுண்டு. அரிது என்பது உண்மை. அந்த அரிதானது யாருக்கு வரலாம் என்று முன்பே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் படித்தவர்கள் கழுத்தில் கை வைக்கிறார்கள். இவனிடம் அந்த ஆள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

பாரம்பரிய வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. மேலே எழுதிய பெரியவரை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. முறிவு நெரிவு பார்க்கிறவர்களை 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிகிறார்கள். இயன்மருத்துவர்களுக்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறது. கை வைக்கிறவரிடம் ‘உங்கட பதிவைப் பார்க்கலாமா’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தபால்காரனிடமே அடையாள அட்டை கேட்டுத்தான் பதிவுத் தபாலை வாங்கியவர்கள் நாங்கள்.

இடுப்பு நோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் உலகத்தில் 619 மில்லியன் பேருக்கு அது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2023 டிசம்பரில் அது நாட்பட்ட இடுப்பு நோவுக்கென்று வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது, மகள் போனில் வாசித்துக் காட்டினாள். உடற்பயிற்சி, நோவைப் பற்றி விளங்கப்படுத்துதல், கையால் செய்கிற முதுகெலும்புச் சிகிச்சை, மசாஜ் இவையெல்லாம் செய்யலாம் என்ற பக்கத்தில் இருக்கின்றன. இடுப்புப் பட்டி, இழுவை, மின்சாரப் பட்டை, அந்தக் குமிழ் ஓட்டுவது எல்லாம் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்ற பக்கத்தில். என் பத்து நாள் காசு ஞாபகம் வந்தது. என்னுடையது தோள், அது இடுப்புக்கான வழிகாட்டி, ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் செங்கல் வாடியில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி மூன்று வருடமாக இறுக்கமான பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு கல் அறுக்கிறாள். கழற்றினால் முதுகு முறிந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவளைத் தொட்டு, குனிய வைத்து, நிமிர்த்தி, ‘முறியாது புள்ள, மெல்ல மெல்லக் கழற்று’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், கேட்கவும் கூடாது, என் கடுதாசிக் கதை ஊருக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் யாருடைய கைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். இடுப்பு நோவோடு இரண்டு கால்களும் பலம் இழப்பது, சிறுநீர் போகாமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப் போவது, இவை வந்தால் உருவுவதும் இல்லை, தவணையும் இல்லை, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. அதை ஏன் உங்கள் கட்டுரையில் விட்டீர்கள் என்று தெரியவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம்.

சுகாதார அதிகாரிகளின் கண்ணில் இந்தக் கடிதம் பட்டால் நான் கேட்பது பெரிய கட்டடமோ மெஷினோ அல்ல. வாவிக்கு மேற்கே உள்ள பிரதேச வைத்தியசாலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள், ஒரு இயன்மருத்துவரை அனுப்புங்கள். பல் டொக்டருக்கு நாள் வைப்பது மாதிரி இதற்கும் ஒரு நாள். ஒரு கட்டிலும் ஒரு அளவுகோலும் இரண்டு கையும் போதும், என் தோளுக்கு அவ்வளவுதான் செலவானது. ஒரு நாளில் முப்பது பேரைப் பார் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். ஆளுக்குச் சில நிமிடம்தான் என்றால் அந்தப் பிள்ளையும் மின்சாரப் பட்டையை ஒட்டிவிட்டு அடுத்த ஆளிடம்தான் போக வேண்டி வரும். அப்புறம், பயிற்சித் தாளைத் தமிழில், படத்தோடு, ஆளைப் பார்த்த பிறகு கொடுங்கள். எனக்கு முதலில் கிடைத்தது ஆங்கிலத்தில். மகள் இல்லாவிட்டால் தும்புத்தடியை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டைக் கூட்டியிருப்பேன்.

என் கை இப்போது 150 பாகைக்கு உயர்கிறது, வெளிப்பக்கம் 45. பேர்ஸை நானே எடுக்கிறேன். சீனியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மிஸ்ஸின் கையால் எவ்வளவு, தும்புத்தடியால் எவ்வளவு, தானாக விட்டது எவ்வளவு என்று கேட்டால் என்னிடம் கணக்கில்லை. அவரிடமும் இல்லை, கேட்டுப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வாசிகசாலைக் கட்டடம் இருக்கிறது. பேப்பர் எடுப்பதை நிறுத்திய பிறகு பூட்டியே கிடக்கிறது, திறப்பு என்னிடம்தான். கூரை ஒழுகாது, மின்சாரம் இருக்கிறது, கிணறு பக்கத்தில். பிரதேச வைத்தியசாலையில் அறை இல்லை என்று யாரும் சொன்னால் இதைக் கழுவித் தருகிறேன். கட்டிலுக்குப் பாலைப் பலகை தருவதாக வயல்காரப் போடியார் ஒருவர் சொல்லியிருக்கிறார். எந்தக் கிழமை என்று ஒரு வாரத்துக்கு முதல் சொன்னால் போதும். எந்த வீட்டில் யார் தூணைப் பிடித்து எழும்புகிறார் என்று எனக்குத் தெரியும், சைக்கிளில் போய்ச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.